நங்கூரம் வைத்த மோப்பி

மீசை முளைத்த பிறகு பொம்மை வாங்க ஆரம்பித்தவன் நான். சின்ன வயதில் வாங்கித்தர வசதியில்லை, அந்த ஏக்கம்தான் என்று சொல்லி உங்கள் அனுதாபத்தைப் பெற்றுவிடலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. சின்ன வயதில் எனக்குப் பொம்மை மேல் ஆசையே இருந்ததில்லை. எங்கள் திரேஸ்புரம் கடற்கரையில் உயிரோடு நண்டு ஓடும்போது பிளாஸ்டிக் நண்டை யார் கேட்பார்கள்? இருபத்துமூன்று வயதில், பி.காம். முடித்து, துறைமுகம் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்து, சட்டையை இன் செய்து, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்ட பிறகுதான் அந்தப் பிளாஸ்டிக் நண்டுக்காக உருக ஆரம்பித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். (அப்பா வெளியே நின்று பார்த்திருக்கிறார், என்னைச் சேர்த்த அன்று.) அப்பா சங்கு குளிப்பவர். வள்ளத்தில் போய், கடலுக்கு அடியில் இறங்கி, மணலில் புதைந்து கிடக்கும் சங்குகளைக் கையால் பொறுக்கி, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவது தொழில். நானோ, கண்டெய்னர்களுக்குள் என்ன இருக்கிறது, எத்தனை கிலோ இருக்கிறது என்று காகிதத்தில் பார்த்துக் கணினியில் அடிப்பவன். ஒரு கண்டெய்னரையும் திறந்து பார்த்ததில்லை. மூடிய பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை ஷாலினி மேடம். என்னைவிட நான்கு வயது மூத்தவர், எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். அவருடைய கணினித் திரையின் மேல் விளிம்பில் ஆறு பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கட்டைவிரல் உயரம். பெரிய தலை, சின்ன உடம்பு, இப்போதுதான் அடி வாங்கிவிட்டு வந்ததுபோல முகம். பெயர் மோப்பி. ஒன்று தலையில் நண்டைக் கவிழ்த்திருக்கும், ஒன்று ஆக்டோபஸ் தொப்பி, ஒன்று நட்சத்திர மீன்.

“அழகா இருக்கு மேடம். எங்க வாங்குனீங்க?” என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பிறகு எட்டு மாதம் என் சம்பளம் எங்கே போனது என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். மோப்பியை நாம் பார்த்து வாங்க முடியாது. எல்லாம் ஒரே அளவு அட்டைப்பெட்டி, ஒரே படம். உள்ளே பன்னிரண்டு வகையில் ஏதோ ஒன்று இருக்கும். வீட்டுக்கு வந்து பிரித்தால்தான் தெரியும். அந்தப் பன்னிரண்டுக்கும் மேலே பதின்மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்கு ‘சீக்ரெட்’ என்று பெயர். படம் பெட்டி மேல் இருக்காது, வெறும் நிழல்தான் இருக்கும். நூற்று நாற்பத்துநான்கு பெட்டியில் ஒன்றில் கிடைக்கும். கறுப்பு மோப்பி, கையில் உலோகத்தால் செய்த குட்டி நங்கூரம். கடையில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே விலை. ஆனால் கறுப்பு மோப்பி யாருக்காவது கிடைத்துவிட்டால், வெளியே அதற்கு இருபது மடங்கு கொடுக்க ஆள் இருக்கிறது. அதுவும் பெட்டி கசங்காமல், உள்ளே வரும் அட்டை தொலையாமல், பொம்மை மேல் ஒரு கீறல் இல்லாமல் இருந்தால்.

இதையெல்லாம் நான் இரண்டே வாரத்தில் மனப்பாடம் செய்தேன். வருமானவரிச் சட்டத்தை இப்படிப் படித்திருந்தால் இன்றைக்கு ஆடிட்டர் ஆகியிருப்பேன்.

ஷாலினி மேடம் என்னை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். தூத்துக்குடியில் பொம்மை சேர்ப்பவர்கள் பதினெட்டுப் பேர். டாக்டர் ஒருவர், கப்பல் கம்பெனி அதிகாரிகள் இருவர், கல்லூரிப் பெண்கள். அதில் நானும் ஒருவன் என்பதை நினைத்தாலே எனக்கு உயரம் இரண்டு அங்குலம் கூடிவிடும். சேர்ந்த அன்று எல்லாரும் தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று ஷாலினி மேடம் கேட்டார். “மரைன் எக்ஸ்போர்ட்” என்று அடித்தேன். (முழுப் பொய் இல்லை. அப்பா எடுக்கும் சங்கு வளையல் செய்ய வங்காளம் வரைக்கும் போகிறது. யார் ஏற்றுமதி செய்கிறார்கள் என்பதைத்தான் சொல்லவில்லை.) பதினேழு கட்டைவிரல்கள் வந்தன. அன்றிலிருந்து நான் ஏற்றுமதியாளர் மகன்.

எட்டு மாதத்தில் எனக்கு நண்டு மோப்பி மட்டும் ஐந்து கிடைத்தது. கடவுள் எனக்குத் திரேஸ்புரத்தை நினைவூட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பெட்டியின் விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தேன். பாதிக்கே அம்மா நெஞ்சில் கைவைத்தாள்.

“ஏலே, இத வச்சு என்னதான் செய்வீங்க?” என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

“பாப்போம்பா.”

“பாத்து?”

“பாத்துக்கிட்டே இருப்போம்.”

அப்பா சிரிக்கவில்லை. யோசித்தார். நான் சீக்ரெட் கணக்கைச் சொன்னேன். நூற்று நாற்பத்துநான்கில் ஒன்று என்றேன்.

“வலம்புரின்னு சொல்லு,” என்றார் சட்டென்று. “எல்லாச் சங்கும் இடப்பக்கம் சுத்தியிருக்கும். லட்சத்துல ஒண்ணு வலப்பக்கம் சுத்தும். அதுக்குத்தான் அம்புட்டு விலை. நானே இத்தன வருசத்துல ஒருக்கத்தான் கையால தொட்டிருக்கேன், அதும் அடுத்த வள்ளத்துக்காரன் எடுத்தது. ஒங்க பொம்மக் கம்பெனிக்காரன் பரவால்லியே, தாராள மனசு.”

அட்டையும் பெட்டியும் இல்லாவிட்டால் விலை பாதி என்று சொன்னபோதும் அவருக்குப் புரிந்தது. “சங்குக்கும் ஓடுதான விலை. உள்ள இருக்கத யாரு கேக்கா?” குழுவில் இருந்த டாக்டருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அப்படிப் பேசிக்கொண்டே, நான் அன்று வாங்கி வந்து இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டியை அப்பா உள்ளங்கையில் வைத்தார். கண்ணை மூடினார். மூச்சை அடக்கினார். கடலுக்கு அடியில் நின்று எடுத்துப் பழகிய கை. எடை பார்க்கும்போது தானாக மூச்சு நின்றுவிடும்போல.

“போன வாரம் வந்த நண்டுதாம்லே இது.”

பிரித்தேன். நண்டு.

அடுத்த மாதம் இரண்டு பெட்டி வாங்கி வந்து நீட்டினேன். “இது அந்த எட்டுக்காலு தொப்பி. இது எனக்குத் தெரியாது, புதுசு, லேசா இருக்கு.” முதலாவது ஆக்டோபஸ். இரண்டாவது, அதுவரை எனக்குக் கிடைக்காத ஜெல்லி மீன். பூச்சி அரித்த சங்கை எடையிலேயே கண்டுபிடித்து ஒதுக்குகிறவருக்கு, அட்டைப்பெட்டிக்குள் நாலு கிராம் வித்தியாசம் ஒரு பெரிய காரியமாக இல்லை. எனக்கோ தலை சுற்றியது. நங்கூரம் உலோகம். சீக்ரெட் பெட்டி மற்றதைவிடப் பத்து கிராமாவது கூடுதலாக இருக்க வேண்டும். என் வீட்டிலேயே, இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு, பீடி பிடித்துக்கொண்டு ஒரு தராசு உட்கார்ந்திருக்கிறது!

பாளையங்கோட்டை ரோட்டில் புதிதாகத் திறந்த ஏ.சி. கடையில்தான் மோப்பி வரும். அலமாரிக்கு மேலே ‘பெட்டிகளைக் குலுக்கவோ எடைபோடவோ கூடாது’ என்று அறிவிப்பு. அதனால் ஒரு திட்டம் போட்டேன். (இந்த இடத்தில் என்னை யாராவது ஓங்கி அறைந்திருக்கலாம். தெருவில் ஆளா இல்லை?) அப்பா முதலில் உள்ளே போக வேண்டும். நான் ஐந்து நிமிடம் கழித்துப் போவேன். இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள். அப்பா எடை பார்த்து, கனமான பெட்டியைக் கீழ்த்தட்டில் இடது ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். நான் வந்து அதை எடுத்துப் பணம் கட்டுவேன்.

“உள்ள என்னைய ஏலேன்னு கூப்புடக் கூடாது.”

“பொறவு எப்புடிக் கூப்புட?”

“கூப்புடவே கூடாதுப்பா. யாராவது கேட்டா என்னத் தெரியாதுன்னு சொல்லணும்.”

“என்ன ஆனாலுமா?”

“என்ன ஆனாலும்.”

“இது சினிமால்லா!” என்று அப்பா குஷியாகிவிட்டார்.

ஏன் தெரியாதவர்கள்போல இருக்க வேண்டும்? கடைக்காரர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குழு ஆட்கள் அந்தக் கடைக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏற்றுமதியாளர் என்று நான் எழுதிய மனிதர், வெயிலும் உப்புத்தண்ணீரும் தின்ற தோலோடு என் பக்கத்தில் நிற்பதை அவர்கள் பார்க்கக் கூடாது. இந்தக் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயிலுக்குப் போட்ட வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடேயே அப்பா கிளம்பினார். தோளில் ஒரு துணிப்பை. பஸ்ஸில் இரண்டு டிக்கெட்டையும் அவரே எடுத்தார். நான் முன்னால் உட்கார்ந்தேன், அவர் பின்னால். ஒத்திகையாம்.

கடைக்குள் போனபோது அப்பா வேலையில் இறங்கியிருந்தார். அலமாரியின் முன்னால் நின்றுகொண்டு, கண்ணை மூடி, மூச்சை அடக்கி, ஒவ்வொரு பெட்டியாக உள்ளங்கையில் ஏந்தினார். அவரால் இரண்டு நிமிடம் சுலபமாக மூச்சை அடக்க முடியும். கடைப்பெண்ணுக்கு அது தெரியாதே.

“ஐயோ, அண்ணாச்சி! என்ன செய்யுது? தண்ணி வேணுமா?” என்று ஓடிவந்தாள்.

அப்பா மூச்சை விட்டார். “ஒண்ணும் செய்யலம்மா. பேரப்புள்ளைக்கு எதுன்னு பாக்கேன்.” அவருக்குப் பேரப்பிள்ளை கிடையாது. வசனத்தை அவரே சேர்த்துக்கொண்டார். நான் அங்கே தொங்கிய கீசெயின்களைப் பார்ப்பதுபோல நின்று, சிரிப்பை அடக்கினேன். அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். நானும் அப்பாவும் சேர்ந்து செய்த ஒரே விளையாட்டு அதுதான்.

அப்போது கதவு திறந்தது. “ஏ டெனிஸ்! நீயும் வந்துட்டியா?” என்றார் ஷாலினி மேடம். கூடவே கண்ணாடி போட்ட, நரைத்த ஒரு பெரியவர். “எங்க டாடி,” என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். “டாடி, நான் சொல்வேன்ல டெனிஸ், இவங்க அப்பா மரைன் எக்ஸ்போர்ட்.”

“அப்படியா? என்ன ஐட்டம் தம்பி? இறாலா?”

“சங்கு... சங்கு சம்பந்தமா, சார்.”

ஐந்தடி தூரத்தில் அப்பாவின் முதுகு. ஒரு பெட்டியை ஏந்திய கை அப்படியே நின்றது. எடை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் காரியம் நடந்தது. சங்கு குளிப்பவர்களுக்குக் கடலுக்கு அடியில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். நல்லது ஒன்று கிடைத்தால் அது உடனே இடுப்புப் பைக்குப் போகும். கை அடுத்ததைத் தேடும். இது யோசித்துச் செய்வதில்லை. வயிற்றுப்பாடு முப்பது வருடமாகக் கைக்குக் கற்றுக்கொடுத்தது. அப்பாவுக்குக் கனமான பெட்டி கிடைத்துவிட்டது. அதைவிடக் கனமானது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கை தானாகப் போய் அந்தப் பெட்டியை வேட்டி மடியில் செருகியது.

“சார்! மடியில ஒளிக்காங்க சார்!” என்று கடைப்பெண் கத்தினாள்.

டை கட்டிய சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். “என்ன பெருசு? மடிய அவுரு.”

“வாங்கத்தான் தம்பி வச்சேன். கை பத்தல.”

“கை பத்தலயா? ரெண்டு கையும் சும்மாத்தான இருக்கு? யார் கூட வந்த?”

“தனியாத்தான் வந்தேன்.”

கடைப்பெண் என்னைக் கைகாட்டினாள். “இல்ல சார். அந்தாக்ல நிக்காங்கள்லா, அவங்களும் இவரும் ஒரே பஸ்ஸுல இருந்து எறங்கினத நான் பாத்தேன்.”

எல்லாரும் திரும்பினார்கள். சூப்பர்வைசர், கடைப்பெண், ஷாலினி மேடம், அவருடைய அப்பா. என் அப்பாவும்.

“சார், இவரு ஒங்க கூட வந்தவரா?”

எனக்கு மூன்று நொடி கிடைத்தது. அந்த மூன்று நொடியில் திட்டம் என் ஞாபகத்திலேயே இல்லை. கறுப்பு மோப்பி இல்லை. எடை இல்லை. ஷாலினி மேடத்தின் புருவம் லேசாக உயர்ந்திருந்ததை மட்டும்தான் பார்த்தேன்.

“இல்ல,” என்றேன். “யாருன்னே தெரியாது.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னது திட்டமா, திட்டம் இல்லையா என்று அவர் எடை பார்த்தார். கண்ணை மூடவில்லை. மூச்சை மட்டும் அடக்கினார். பிறகு சூப்பர்வைசரிடம் சொன்னார்:

“நானும் இந்தத் தம்பிய இதுக்கு முன்ன பாத்ததே இல்ல.”

பிறந்ததிலிருந்து என்னை ‘ஏலே’ என்று மட்டுமே கூப்பிட்ட வாயில் ‘தம்பி’ எவ்வளவு மரியாதையாக வந்தது!

மடியிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, சட்டைப்பையையும் காலி செய்யச் சொன்னார்கள். முகம் துடைக்கும் லேஞ்சி ஒன்று, ஒரு ஜெபமாலை, கசங்கிய இரண்டு பஸ் டிக்கெட்.

“தனியா வந்தேன்னு சொன்ன? டிக்கெட்டு ரெண்டு இருக்கு?”

அப்பா டிக்கெட்டைப் பார்த்தார். தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். “ஒண்ணு எனக்கு, ஒண்ணு இந்தப் பைக்கு. கண்டக்டரு கண்டிப்பான ஆளு.”

ஷாலினி மேடம் சிரித்துவிட்டார். சூப்பர்வைசரும் சிரித்தார். ஒரு தெரியாத கிழவர் சொன்ன நல்ல ஜோக்குக்கு எப்படிச் சிரிப்பார்களோ அப்படி, அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தக் கடையில் நான் செய்த காரியங்களில் எது மோசம் என்று யாராவது கேட்டால், ‘தெரியாது’ என்றதைச் சொல்ல மாட்டேன். இந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

அப்போது ஷாலினி மேடத்தின் அப்பா முன்னால் வந்தார். “ஏம்ப்பா, கைய விடு முதல்ல. அவர் கடைய விட்டு வெளிய போனாரா? போகலல்ல? வாங்குறதுக்கு முன்னாடி மடியில வச்சா அது திருட்டாயிருமா? வயசுல பெரியவங்கள இப்படியா பேசுறது?” என் அப்பாவின் தோளைத் தொட்டு, “நீங்க போங்க ஐயா. மனசுல வச்சுக்காதீங்க” என்றார்.

அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்க்காமல், வெளியே போனார்.

நான் போகவில்லை. உடனே போனால் சந்தேகம் வருமே!

சூப்பர்வைசர் அந்தப் பெட்டியை அலமாரியில் வைக்கப் போனார். ஷாலினி மேடம் குறுக்கே கை நீட்டினார். “அத நான் எடுத்துக்கிறேன். அந்தத் தாத்தா அவ்வளவு ஆசையா மடியில வச்சாரே, பாவம்.” பணம் கட்டி அங்கேயே பிரித்தார். உள்ளே வெள்ளிநிற உறை. அதற்குள் கறுப்பு மோப்பி. கையில் நங்கூரம்.

அவர் போட்ட கூச்சலில் கடையில் இருந்த குழந்தை ஒன்று அழுதது. அவருடைய அப்பா கைதட்டினார். சற்றுமுன் மணிக்கட்டைப் பிடித்திருந்த சூப்பர்வைசர், அதே கையால் போட்டோ எடுத்துக் கொடுத்தார். நானும் போட்டோவில் இருக்கிறேன். ஓரத்தில், பல்லைக் காட்டிக்கொண்டு.

பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை. உச்சி வெயில். அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் அவர் இரண்டடி தள்ளி நின்றார். கண்ணாடிக் கதவைக் கண்ணால் காட்டினார். இன்னும் அவர்கள் உள்ளேதான் இருக்கிறார்களாம். பஸ் வந்து, ஏறி, பழைய பேருந்து நிலையம் தாண்டிய பிறகுதான் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்புடிலே நம்ம நடிப்பு?”

“நல்லா இருந்துச்சுப்பா.”

“அந்தப் புள்ளைக்கு ஆப்பிட்டிருச்சோ? துள்ளுனத கண்ணாடி வழியாப் பாத்தேன். நங்கூரம் இருந்திச்சா?”

“இருந்திச்சு.”

“அப்பம் கை பொய் சொல்லல.” உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். மணிக்கட்டு சிவந்திருந்தது.

“அந்தப் பெரிய மனுசன் யாருலே?”

“அந்த மேடத்தோட அப்பா.”

“ம். அந்தப் புள்ளையும் டாடி டாடின்னு வாய் நெறையக் கூப்புடுது.”

அவ்வளவுதான் சொன்னார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் அழுது தொலைத்திருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். பொம்மை எங்கே என்றாள். நான் செருப்பைக் கழற்றுவதில் தேவைக்கு மேல் மும்முரமாக இருந்தேன். என் தங்கை ஜெனியும் வந்து நின்றாள். அப்பா நாற்காலியில் சாய்ந்தார்.

“அத ஏன் கேக்க? எல்லாம் இந்தப் பயலால கெட்டுச்சு,” என்று ஆரம்பித்தார். மடியில் வைத்தது, சூப்பர்வைசர் வந்தது, பைக்கு டிக்கெட் எடுத்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எல்லாம் சரியாப் போய்க்கிட்டு இருக்கு. நான் கல்லுமாதிரி நிக்கேன், யாருன்னே தெரியாதுங்கேன். அந்தப் பய என் கையைப் புடிச்சாம் பாரு, அம்புட்டுத்தான். இவனுக்குத் தாங்கல. ‘அப்பா!’ன்னு ஒரு சத்தம். கடையே திரும்பிப் பாக்கு. ‘எங்க அப்பா மேல இருந்து கைய எடுலே’ங்கான். திட்டம், பொம்மை எல்லாம் போச்சு!”

“அட கூறுகெட்டவனே!” என்றாள் அம்மா. என் தலையைத் தடவினாள்.

நான் நிமிர்ந்தேன். “இல்லம்மா, நான் வந்து...”

“ஏளா, சோத்தப் போடு மொதல்ல. பய காலையில இருந்து ஒண்ணும் திங்கல,” என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று வைத்தது மீன் குழம்பா, முட்டைக் குழம்பா என்று எனக்கு ஞாபகம் இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டு, கொடுத்ததைத் தின்றேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு பெட்டியும் வாங்கவில்லை. ஐந்து நண்டையும் மற்றவற்றையும் குழுவில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்திக்குப் பெட்டியோடு அட்டையோடு கொடுத்துவிட்டேன். கறுப்பு மோப்பி ஒரு வருடம் என் பக்கத்து மேசையில், கண்ணாடிக் கூட்டுக்குள், என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. சென்னையில் இருந்து ஒருவர் இருபத்தைந்து மடங்கு தருகிறேன் என்று கேட்டார். ஷாலினி மேடம் கொடுக்கவில்லை. “இதுக்கு ஒரு கதை இருக்கு,” என்று வருகிறவர்களிடம் எல்லாம் அந்த மடித் தாத்தாவின் கதையைச் சொல்வார். நான் கண்டெய்னர் எடையைக் கணினியில் அடித்துக்கொண்டிருப்பேன். பிறகு அவர் மாற்றலாகிப் போனார், மோப்பியும் போனது. கடைசி நாள்வரை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது இதை எழுதுவதற்குக்கூடப் பெரிய தைரியம் ஒன்றும் தேவைப்படவில்லை. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது.

எங்கள் வீட்டில் இந்தக் கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெனியை நிச்சயம் செய்ய வந்தவர்களிடம் அப்பா சொன்னார். கிறிஸ்துமஸுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னார். வள்ளத்தில் கூட வருகிறவர்களுக்கு வரிக்கு வரி தெரியும். வீட்டில் யாராவது ஏதாவது ரகசியம் பேச ஆரம்பித்தால், “அவனுக்குத் தெரியாமப் பேசுங்க, அப்பான்னு கத்திருவான்” என்பார்கள். ஜெனி கட்டிக்கொண்ட மாப்பிள்ளை என்னை ‘கத்துற மச்சான்’ என்றுதான் கூப்பிடுகிறார். கதை வருடத்துக்கு வருடம் வளர்கிறது. போன மாதம் சொன்னபோது நான் கண்ணாடி மேசையைத் தாண்டிக் குதித்திருந்தேன், சூப்பர்வைசரின் டையைப் பிடித்திருந்தேன்.

எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு இடத்தை மட்டும் அப்பா அவசரப்படாமல் சொல்வார். அந்த இடம் வரும்போது எழுந்து நிற்பார். என் குரலை வரவழைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி “அப்பா!” என்று கத்துவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்று அந்தக் கடையில் என் வாயிலிருந்து வராத அந்த ஒரு சொல்லை, எனக்குப் பதிலாக அவரே கத்திக்கொண்டிருக்கிறார்.